பிரேக் கிறீச்சிடுவது ஏன்?

காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். பாட்டுச் சத்தத்தைச் சற்றுக் கூட்டி வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டே போகிறோம். அல்லது பயந்துபோய், மெக்கானிக் சொல்வதையெல்லாம் மாற்றிவிட்டு, பில்லைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறோம். இரண்டும் தேவையில்லை. பிரேக்கிலிருந்து வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அது எப்போது வருகிறது, எந்தச் சக்கரத்தில் வருகிறது, எப்படிப்பட்ட சத்தம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டால் காரணம் முக்கால்வாசி தெரிந்துவிடும். அதற்கு இஞ்சினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. காது கொடுத்துக் கேட்கும் பொறுமை இருந்தால் போதும்.

ரயில்வேயில் பெட்டி, வேகன் பராமரிப்பில் வேலை பார்த்தவர்களுக்குக் காதுதான் முதல் கருவி. வண்டி நிலையத்துக்குள் நுழையும்போது தண்டவாளத்தின் இரு பக்கமும் ஊழியர்கள் குந்தி உட்கார்ந்து சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருப்பதை ஊருக்குப் போகும்போது நீங்கள் கவனித்திருக்கலாம். இதற்கு ரோலிங் இன் பரிசோதனை என்று பெயர். தொங்கும் பாகம், சூடேறிய ஆக்ஸில் பெட்டி, பிரேக் ஒட்டிக்கொண்ட சக்கரம் ஆகியவற்றை ஓடும் வண்டியிலேயே கண்ணாலும் காதாலும் பிடித்துவிடுவார்கள். இத்தனைக்கும் ரயில் பிரேக்கில் ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது. வேக்வம் பிரேக்கானாலும் ஏர் பிரேக்கானாலும், குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடித்துக்கொண்டு வண்டி நின்றுவிடும்.

காரில் நிலைமை நேர்மாறு. பிரேக் எண்ணெய் ஒழுகிவிட்டால் பிரேக் இல்லாமல் போகும். அதனால்தான் இன்றைய கார்களில் எண்ணெய்க் குழாய்களை இரண்டு தனிப் பாதைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று போனாலும் மற்றொன்று ஓரளவு காப்பாற்றும். ஆனால் காரைச் சோதிக்க வழியில் எந்த ஊழியரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வேலையை ஓட்டுபவரேதான் செய்ய வேண்டும். ஆகவே இந்தச் சத்தங்களைப் பற்றி நாம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பிரேக் செய்யும் வேலை

ஓடும் வண்டியின் வேகத்தை வெப்பமாக மாற்றுவதுதான் பிரேக்கின் வேலை. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு முறை நிறுத்தும்போது உண்டாகும் வெப்பம் ஏறக்குறைய அரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இவ்வளவு சூட்டையும் நான்கு சக்கரங்களில் உள்ள சிறு பாகங்கள் தாங்குகின்றன.

பெரும்பாலான சிறிய கார்களில் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கும் இருக்கும். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. அதன் இரு பக்கமும் இரண்டு பேடுகள் இருக்கின்றன. பெடலை மிதித்ததும் காலிப்பர் என்ற கவ்வி அந்தப் பேடுகளைத் தட்டின்மேல் இறுக்குகிறது. டிரம் என்பது வாணலியைக் கவிழ்த்தது போன்ற கிண்ணம். அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூக்கள் இருக்கும். வீல் சிலிண்டர் அவற்றை வெளிப்புறமாகத் தள்ள, ஷூவில் ஒட்டியுள்ள லைனிங் டிரம்மின் உட்புறத்தில் உராய்கிறது. பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் முன் சக்கரங்களே பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. முன் பேடுகள் முதலில் தேய்வதற்கு இதுவே காரணம்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது?

வயலின் வாசிப்பவர் வில்லில் ரோசின் தடவிக்கொள்வதைக் கச்சேரிகளில் பார்த்திருப்பீர்கள். ரோசின் தடவிய வில் தந்தியைப் பிடித்து இழுக்கிறது. ஓரளவுக்கு மேல் இழுக்க முடியாமல் தந்தி நழுவுகிறது. மறுபடி பிடிக்கிறது, மறுபடி நழுவுகிறது. ஒரு வினாடியில் இது நூற்றுக்கணக்கான தடவை நடப்பதால் நாதம் எழுகிறது. பிரேக்கிலும் இதே போன்ற பிடிப்பும் நழுவலும்தான். பேடுதான் வில், டிஸ்க்தான் தந்தி. வினாடிக்கு ஆயிரம் முதல் பதினாறாயிரம் அதிர்வு வரை உள்ள சத்தத்தையே நாம் கிறீச் என்று கேட்கிறோம். அதற்குக் கீழே இருந்தால் அது உறுமலாகவோ முனகலாகவோ கேட்கும்.

இந்தத் தொல்லை புதிதல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-ல் டிஸ்க் பிரேக்குக்கு உரிமம் பெற்றார். அவர் செம்பாலான பேடுகளைப் பயன்படுத்தியதால் அது காதைக் கிழிக்கும் சத்தம் போட்டது. பின்னாளில் கல்நார் கலந்த லைனிங் வந்து சத்தத்தைக் குறைத்தது. கல்நார்த் தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று தெரிந்த பிறகு பல நாடுகள் அதையும் விலக்கிவிட்டன. ரயில்களிலும் பழைய வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் சக்கரத்தின் ஓடுபரப்பைச் சொரசொரப்பாக்கி, வண்டி ஓடும்போதெல்லாம் இரைச்சல் உண்டாக்கும். இதற்காகவே சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியும் 2020 முதல் இரைச்சல் மிகுந்த அத்தகைய சரக்கு வேகன்களைத் தடை செய்தன. நம் நாட்டு ரயில்களிலும் கலவைப் பொருளாலான கட்டைகள் வந்துவிட்டன.

ஆகவே ஒன்றை நினைவில் வையுங்கள். எல்லாக் கிறீச்சும் ஆபத்தல்ல. நன்றாகப் பிடிக்கும் பிரேக்கும் கத்தலாம். சத்தமே போடாத பிரேக்கும் கைவிடலாம். வித்தியாசம் தெரிந்துகொள்வதுதான் நம் வேலை.

நம் ஊர்க் காற்றும் மழையும்

2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேயரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் நமக்குத்தான். மீதி மாதங்களிலும் காற்றில் ஈரமும் உப்பும் குறைவதில்லை. மின்னி பேயில் கடலைப் பார்த்த வீடுகளில் ஜன்னல் கொக்கி எத்தனை மாதத்தில் துருப்பிடிக்கிறது என்பது குடும்பத் தலைவிகளுக்குத் தெரியும். டிஸ்க்கும் அதே இரும்புதான். அது உராய வேண்டிய பரப்பு என்பதால் பெயிண்டும் அடிக்க முடியாது.

அதனால் காலையில் வண்டியை எடுத்ததும் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்குக் கரகரவென்றோ கீச்சென்றோ சத்தம் வந்தால் கவலைப்பட வேண்டாம். இரவில் படிந்த மெல்லிய துருவைப் பேடு சுரண்டி எடுக்கும் சத்தம் அது. டிலானிப்பூர் மேடு ஏறி இறங்குவதற்குள் மறைந்துவிட்டால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று பொருள். பத்து நிமிடம் ஓட்டிய பிறகும் மறையாவிட்டால்தான் மேலே படிக்க வேண்டும்.

உப்பு செய்யும் உண்மையான கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது. காலிப்பர் வழுக்கி நகர்வதற்கு இரண்டு ஊசிகள் உண்டு. அவற்றின் ரப்பர் உறை கிழிந்தால் உப்பு ஈரம் உள்ளே போய் ஊசி இறுகிவிடும். பிறகு பேடு டிஸ்க்கை விட்டு விலகாமல் உராய்ந்துகொண்டே இருக்கும். ஒரு பேடு வேகமாகத் தேய்ந்து காகிதம் போலாகும், மற்றொன்று புதிதாகவே இருக்கும். பெட்ரோலும் வீணாகும். தீவுக் கார்களில் பிரேக் பார்க்கும் எவரும் இந்த ஊசிகளை முதலில் பார்க்க வேண்டும்.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிப்பது

இதற்கு எளிய சோதனைகள் சில உண்டு.

முதலாவது, ஆள் நடமாட்டமில்லாத சமதரைச் சாலையில், ஒரு நீண்ட மதில் சுவரை ஒட்டி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். ஏ.சி.யையும் பாட்டையும் நிறுத்துங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் என்று கேட்டால் இடதா வலதா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, அதே வேகத்தில் கால் பிரேக்கைத் தொடாமல், ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக மேலே தூக்குங்கள். சாதாரணக் கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அப்போது சத்தம் வந்தால் பின்பக்கம். கால் பிரேக்குக்கு மட்டும் வந்தால் பெரும்பாலும் முன்பக்கம். ஈரச் சாலையிலும் வளைவிலும் இதைச் செய்யக் கூடாது. பொத்தானால் இயங்கும் மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியிலும் வேண்டாம்.

மூன்றாவது, பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டுங்கள். தொடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தாலோ கருகல் நாற்றம் வந்தாலோ அந்தப் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூடான ஆக்ஸில் பெட்டியை ரயிலில் கண்டுபிடிப்பதும் இந்த முறையில்தான்.

நான்காவது, பேரனையோ பேத்தியையோ கூட அழைத்துச் செல்லுங்கள். வயது ஏற ஏற உச்ச சுருதிச் சத்தங்கள் காதில் விழாமல் போவது இயற்கை. அறுபது வயதுக்காரருக்குக் கேட்காத கிறீச் பத்து வயதுக் குழந்தைக்குத் தெளிவாகக் கேட்கும். "தாத்தா, வண்டி கத்துது" என்று குழந்தை சொன்னால் அதட்டாமல் ஒரு தரம் பாருங்கள்.

சத்தங்களும் காரணங்களும்

1. லேசாக மிதிக்கும்போது மட்டும் கிறீச். அழுத்தி மிதித்தால் நின்றுவிடுகிறது. வண்டி நேராக, நன்றாக நிற்கிறது. பேடின் முதுகில் உள்ள மெல்லிய தகடு கழன்றிருக்கலாம், அல்லது அங்கே தடவிய கிரீஸ் காய்ந்திருக்கலாம், அல்லது பேடின் முகம் கண்ணாடி போல் பளபளப்பாகியிருக்கலாம். அவசரமில்லை. அடுத்த சர்வீஸில் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும்.

2. ஓடும்போதே மெல்லிய, விடாத கீச். பல பேடுகளில் ஒரு சிறு எஃகு நாக்கு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்து எல்லைக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டு கீச்சிடும். சில வண்டிகளில் பிரேக் மிதித்தால் சத்தம் நிற்கும், சிலவற்றில் மிதித்தால்தான் வரும். இது பழுதல்ல, எச்சரிக்கை மணி. சில நாட்களுக்குள் பேடு மாற்றுங்கள்.

3. மிதிக்கும்போது இரும்போடு இரும்பு அரைக்கும் கர்ர்ர் சத்தம். பேடில் உராய்வுப் பொருள் தீர்ந்துபோய் அதன் இரும்பு முதுகே டிஸ்க்கைத் தின்கிறது. காலில் அதிர்வும் தெரியும். இது ஒன்றுதான் எந்தச் சமாதானமும் சொல்லாமல் வண்டியை நிறுத்த வேண்டிய சத்தம். இப்படியே ஓட்டினால் டிஸ்க் பாழாகும். பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்து எண்ணெய் ஒழுகினால் பிரேக்கே போய்விடும். இறக்கத்தில் வசிக்கும் நமக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

4. பின்பக்கமிருந்து கரகர, வேகம் குறையும்போது முனகல். டிரம்முக்குள் லைனிங் தூள் சேர்ந்திருக்கலாம், லைனிங் தேய்ந்து ரிவெட் தலை உராயலாம். வீல் சிலிண்டர் ஒழுகி லைனிங் ஊறியிருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சக்கரத்தின் உட்புறம் ஈரக்கறை தெரிகிறதா என்று பாருங்கள். எண்ணெயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவதை அனுமதிக்காதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும்.

5. பள்ளத்தில் கடகட, பிரேக் தொட்டால் நின்றுவிடும். பேடைப் பிடித்திருக்கும் கிளிப் இல்லை, அல்லது தளர்ந்திருக்கிறது. பேடு மாற்றும்போது பழைய கிளிப்பைத் தொலைத்துவிட்டு அப்படியே மூடிவிடுவது சில பட்டறைகளில் நடக்கும் வழக்கம்.

6. மிதித்தால் பெடல் துடிக்கிறது, ஸ்டியரிங் ஆடுகிறது. டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லை. டிஸ்க்கைக் கடைசல் பிடிக்கலாம், ஆனால் அதற்கு எல்லை உண்டு. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் மாற்ற வேண்டும்.

7. வழுக்கும் சாலையில் அழுத்தி மிதித்தால் காலுக்கடியில் கடகடவெனத் துடிப்பு. அது ஏ.பி.எஸ். வேலை செய்யும் சத்தம். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் கார்களில் இது கட்டாயம். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி விலகுங்கள்.

8. மிதித்தால் உஸ் என்ற காற்றுச் சத்தம், பெடல் கல் போல் இறுகுகிறது. காலுக்கு வலு சேர்க்கும் வேக்வம் பூஸ்டரில் கசிவு. லேசான உஸ் இயல்பு. பெடலும் கடினமானால் உடனே காட்டுங்கள்.

9. வேகம் கூடக் கூட ஊம்ம் என்ற இரைச்சல், பிரேக் மிதித்தாலும் மாறவில்லை, வளைவில் மாறுகிறது. இது பிரேக்கே அல்ல. சக்கரத்தின் பேரிங். பிரேக் பேடை மாற்றிப் பயனில்லை.

10. கல் சாலையில் போன பிறகு திடீரெனத் தகரம் கிழிவது போன்ற சத்தம். டிஸ்க்குக்கும் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே சிறு கல் மாட்டியிருக்கும். மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால் பல சமயம் விழுந்துவிடும்.

ஸ்கூட்டரும் பைக்கும் வைத்திருப்பவர்களுக்கும் இவை பொருந்தும். டிரம் பிரேக்குள்ள ஸ்கூட்டரில் மழைக்குப் பின் கீச்சென்று கத்துவது பெரும்பாலும் உள்ளே சேர்ந்த தூளும் ஈரமும்தான். திறந்து துடைத்து, ஷூவின் முகத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் தீரும்.

செய்யக் கூடாதவை

சத்தம் நிற்கட்டும் என்று தேங்காய் எண்ணெயோ, துரு நீக்கும் ஸ்பிரேயோ, கிரீஸோ பேடிலும் டிஸ்க்கிலும் படும்படி விடுபவர்கள் இருக்கிறார்கள். சத்தம் நிற்கும். வண்டிதான் நிற்காது. கிரீஸ் தடவ வேண்டிய இடங்கள் இரண்டே. ஒன்று பேடின் முதுகு, மற்றொன்று காலிப்பர் ஊசி. அதுவும் சூடு தாங்கும் பிரேக் கிரீஸாக இருக்க வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதச் செய்துவிடும்.

இறக்கத்தில் இறங்கி வந்த கையோடு சூடான சக்கரத்தில் வாளித் தண்ணீரை ஊற்றாதீர்கள். பழுத்த தோசைக்கல்லில் தண்ணீர் கொட்டினால் என்ன ஆகும்? டிஸ்க்கும் கோணலாகலாம், விரிசல் விடலாம். அரை மணி நேரம் ஆறட்டும். கார்பின்ஸ் கோவ் பக்கம் மணலில் இறக்கிய வண்டியை மட்டும், ஆறிய பிறகு, நல்ல தண்ணீரால் சக்கரத்தின் உட்புறம் அவசியம் கழுவுங்கள். கோடையில் தண்ணீர் தட்டுப்பாடு இருந்தாலும் சக்கரத்துக்கு அரை வாளி செலவழிப்பது வீணல்ல.

பிரேக் தூளை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் அடிப்பதும் கூடாது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போகும்போது

பள்ளி விடுமுறையில் மதுரைக்கோ தஞ்சைக்கோ ராமநாதபுரத்துக்கோ ஒன்றரை மாதம் போய்விட்டு வருகிறோம். அதுவரை கார் வாசலிலேயே நனைந்துகொண்டு நிற்கிறது. திரும்பி வந்து எடுத்தால் நகர மறுக்கிறது, அல்லது டக் என்ற பெரிய சத்தத்தோடு விடுபடுகிறது. ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியதால் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொண்டது. சில சமயம் லைனிங் பிய்ந்து டிரம்மிலேயே தங்கிவிடும்.

இதைத் தவிர்க்க வழி எளிது. புறப்படும் முன் கடைசியாக ஓட்டி வரும்போது ஐந்தாறு தடவை பிரேக் போட்டு உலர்த்துங்கள். கூடியவரை சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடாமல், முதல் கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். சரிவில் நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக் போடத்தான் வேண்டும். துருவை விட உருண்டோடும் வண்டி ஆபத்து. பக்கத்து வீட்டு நண்பரிடம் சாவி கொடுத்து, வாரம் ஒரு முறை சற்றுத் தூரம் ஓட்டச் சொல்வது எல்லாவற்றிலும் சிறந்தது.

மாற்றலாகிப் போகும் அதிகாரிகளிடம் பழைய கார் வாங்குவது இங்கே வழக்கம். பலரும் பெயிண்டையும் டயரையும் பார்த்து விலை பேசுகிறார்கள். மேற்சொன்ன சுவர்ச் சோதனையையும் சூட்டுச் சோதனையையும் செய்துவிட்டுப் பேசுங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியை உள்ளபடி காட்டிக்கொடுப்பது அதன் பிரேக்தான்.

பேட் மாற்றும்போது

புதுப் பேடின் உராய்வுப் பொருள் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்ற வேண்டும் என்பது பொது விதி. சாமான் சென்னையிலிருந்து 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி வர வேண்டிய நமக்கு, 4 மில்லிமீட்டரிலேயே ஆர்டர் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். கப்பல் தாமதமானாலும் கவலையில்லை.

ஒரே அச்சிலுள்ள இரு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும். தரமான சாமானுக்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. சென்னை பாடியில் 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவும், 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் தொடங்கப்பட்டன. பிரேக் தொழிலில் நம் தமிழ்நாட்டுக்கு நல்ல பெயர் உண்டு. பெயரில்லாத அட்டைப்பெட்டியில் பாதி விலைக்கு வரும் பேடை வாங்காதீர்கள். அது கத்தும், டிஸ்க்கைத் தின்னும், சூட்டில் வழுக்கும்.

புதுப் பேட் போட்டதும் முதல் 200 கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டி, வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும்படி பிரேக் போடுங்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக அவகாசம் வேண்டும். இதைச் செய்யாததால்தான் பல புதுப் பேடுகள் இரண்டாம் நாளே கிறீச்சிடுகின்றன.

பிரேக் எண்ணெயையும் மறக்க வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் கலந்த பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். டாட் 4 வகைக்கு இந்த அளவுகள் 230-ம் 155-ம் ஆகும். நீண்ட இறக்கத்தில் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இதற்குச் சத்தமே கிடையாது. ஆகவே நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் எந்தப் பிரேக் எண்ணெயையும் விட்டு வைக்கக் கூடாது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்கினால் பிரேக் சூடாவது பெரிதும் குறையும்.

டிரங்க் ரோடு பயணத்துக்கு முன்

பாராடாங், ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் என்று குடும்பத்தோடு வடக்கே போகிறவர்கள் பிரேக் சத்தத்தை ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மிடில் ஸ்ட்ரெயிட் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஜாரவா மக்களின் வனப்பகுதி. வண்டிகள் குறித்த நேரத்தில் வரிசையாகத்தான் செல்ல வேண்டும். வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. முந்துவதும் நடுவில் நிறுத்துவதும் தடை. பட்டறை கிடையாது. சக்கரம் புகைகிறதே என்று இறங்கிப் பார்க்க அது இடமல்ல. அந்த மக்களின் நிம்மதிக்காக வகுத்த விதிகளை நம் வண்டியின் பழுதால் மீற நேரக் கூடாது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள் நெருங்கி வரும் வரிசையில் பிரேக் இல்லாத ஒரு வண்டி எல்லோருக்கும் ஆபத்து.

ஆகவே புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே சோதனைகளை முடித்துவிடுங்கள். பானெட்டைத் திறந்து பிரேக் எண்ணெய் டப்பாவில் அளவு மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். அளவு குறைந்தால் ஒன்று பேடு தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. காரணம் பார்க்காமல் ஊற்றி நிரப்புவது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுவது போன்றது. இன்ஜினை ஓடவிட்டு பெடலை அரை நிமிடம் மிதித்தபடி பிடியுங்கள். மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் வண்டியை எடுக்க வேண்டாம். மழையில் தேங்கிய நீரைக் கடந்தால் உடனே பிரேக்கை லேசாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்துங்கள்.

அப்படியும் இறக்கத்தில் பெடல் இறங்கிவிட்டால் பதற வேண்டாம். பெடலை விட்டு விட்டுப் பலமுறை வேகமாக மிதியுங்கள். பல சமயம் பிடிப்பு ஓரளவு திரும்பும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை, பொத்தானை அழுத்தியபடி, சிறிது சிறிதாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். இன்ஜினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஸ்டியரிங் கனமாகும், பூஸ்டரும் போகும்.

கடைசியாக, மெக்கானிக்கிடம் போகும்போது "பிரேக் சத்தம் போடுது" என்று மட்டும் சொல்லி வண்டியை விடாதீர்கள். "காலையில் மட்டுமல்ல, நாள் முழுதும் வருகிறது. முன் இடது சக்கரம். லேசாக மிதித்தால் கிறீச், அழுத்தினால் இல்லை. அந்தச் சக்கரம் மற்றதைவிடச் சூடு" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அது பாதி வேலையை முடித்துக் கொடுத்தது போல. தேவையில்லாததை மாற்றச் சொல்பவருக்கு, இவரிடம் நம் கதை செல்லாது என்று புரிந்துவிடும். கழற்றிய பழைய பேடுகளை வாங்கிப் பாருங்கள். இரண்டும் சமமாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் சரி. ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் ஊசியைச் சுத்தம் செய்யாமல் வண்டியை எடுத்து வராதீர்கள்.